ஆமை செத்தது வலையில், பழி மட்டும் வெயில் மேலா?

#1 உப்பளக்கரை

வணக்கம். தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் பட்டிமன்றம் வைத்தோம். "உயிரினங்கள் அழிய முதல் காரணம் காலநிலை மாற்றமே" என்று ஓர் அணி, "இல்லை" என்று இன்னோர் அணி. எப்போதும் போலத்தான் போனது: பனிக்கரடி, உருகும் பனி, அழியப்போகும் பூமி. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

அப்போது எதிரணியில் ஒரு பெண் எழுந்தாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். "சார், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமை செத்து ஒதுங்கியது. அறுத்துப் பார்த்தவர்கள், வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்தது என்றார்கள். இதில் கார்பன் டை ஆக்சைடுக்கு என்ன வேலை? வலையை விட்டுவிட்டு வெயிலைத் திட்டினால் ஆமைக்கு என்ன லாபம்?"

வகுப்பே கை தட்டியது. நடுவர் நான்தான், அவள் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உறுத்துகிறது. தீர்ப்பு சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொதுவாகப் பேசாமல், கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னால் நல்லது.

#2 சும்மாகேட்டேன்

அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள் சார்.

"காலநிலை மாற்றம்" என்பது இப்போது எல்லோருக்கும் வசதியான சொல்லாகிவிட்டது. ஏரியைத் தூர்த்தவனும் சொல்கிறான், ஆற்று மணலை அள்ளியவனும் சொல்கிறான். காரணம் எங்கோ வானத்தில் இருந்தால் கீழே யாரையும் பிடிக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

பாறு கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தது. தொண்ணூறுகளில் தொடங்கி 2007க்குள் 99.9 சதவீதம் போய்விட்டது. வெயிலா காரணம்? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2004ல் காரணம் தெரிந்தது, 2006ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஒரு மருந்து, ஒரு தடை. அவசரம் என்றால் இப்படிக் கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அப்புறம் இந்த "உலகத்துக்கு 12 வருடம்தான் இருக்கிறது" கூச்சல். 2018ல் சொன்னார்கள். வருடம் போய்க்கொண்டே இருக்கிறது, உலகம் அப்படியேதான் இருக்கிறது.

#3 ஆழி

மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பவளம் கணக்கெடுப்பது என் வேலை. ஆமையைப் பிறகு பார்ப்போம், எனக்குத் தெரிந்த பவளத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் சும்மாகேட்டேனுக்குச் சாதகமாக ஒன்று. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள். அவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்குள். கடல் மட்டம் உயர்ந்து மூழ்கின என்று மேடையில் பேசுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டினோம். அலையை உடைக்கும் சுவர் போனது, தீவும் கரைந்தது. 2001ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சுனாமிக்குப் பிறகுதான் வெட்டு உண்மையிலேயே நின்றது.

நின்றதும் பவளம் மீள ஆரம்பித்தது. கதை அங்கேயே முடிந்திருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். 2010 கோடையில் கடல் சூடேறியது, பவளம் வெளுத்தது. 2016ல் மறுபடியும், இன்னும் மோசமாக. அந்த ஒரு கோடையில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23க்கு இறங்கியது. கல்லை வெட்டியவனை அதிகாரிகள் பிடிக்கலாம். தண்ணீர் சூடானதற்கு யாரைப் பிடிப்பது?

வெளுப்பது என்றால் சாவது இல்லை, இதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள் சார். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் அதனுடையது, சாப்பாட்டில் பெரும்பங்கும் அது சமைத்துக் கொடுப்பதுதான். தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளை எலும்பு மாதிரி தெரியும், ஆனால் உயிர் இருக்கும். பட்டினியில் இருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். குளிராவிட்டால் சாவு. பாறை மாதிரி உருண்டு வளரும் வகை தாக்குப்பிடிக்கிறது. மான்கொம்பு மாதிரி கிளைக்கிற வகைதான் முதலில் போகிறது. குஞ்சு மீன் ஒளிவதும் அதற்குள்தான்.

ஒரு முறை அடிபட்டால் எழுந்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் வேண்டும், அவ்வளவுதான். உலக அளவில் 1980களில் ஒரு பவளத்திட்டு பெரிதாக வெளுத்தால் அடுத்தது வர 25, 30 ஆண்டு ஆகும். 2016 வாக்கில் அந்த இடைவெளி 6 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு என்று அறிவித்தார்கள். எங்கள் தீவுகளிலும் அந்தக் கோடையில் வெளுத்தது.

#4 சும்மாகேட்டேன்

ஆழி, மரியாதையோடு கேட்கிறேன். பவளம் இன்று நேற்று வந்ததா? டைனோசர் காலத்தில் இதைவிடச் சூடு. அப்போதும் பிழைத்ததுதானே? ஒன்றரை டிகிரிக்கு இவ்வளவு ஒப்பாரியா?

#5 ஆழி

மொட்டை மாடிக்கும் தரைக்கும் உள்ள உயரம் ஒன்றுதான். படியில் இறங்குகிறவனும் அங்கிருந்து குதிக்கிறவனும் ஒன்றா?

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி 5, 6 டிகிரி சூடேறியது. அதற்கே சில ஆயிரம் ஆண்டுகளாவது பிடித்தது. அப்போதும் ஆழ்கடல் நுண்ணுயிர்களில் ஒரு பெரும்பங்கு அடியோடு போனது. நாம் ஒரு டிகிரியைத் தாண்ட ஒன்றரை நூற்றாண்டுதான் எடுத்தோம், அதிலும் பெரும்பகுதி கடந்த ஐம்பது ஆண்டில். இதற்கு முந்தைய பேரழிவுகளில் பவளம் என்கிற குலம் பிழைத்தது, சரி. பவளத்திட்டு பிழைக்கவில்லை. மறுபடி திட்டு கட்டிக்கொள்ள லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. பாம்பனில் வலை போடுகிறவர் அதுவரை கரையில் உட்கார்ந்திருக்க முடியாதே.

அந்த "12 வருடம்" விஷயம்: 2018ல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. சொன்னது, வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நிற்க வேண்டுமானால் 2030க்குள் கரியமில வாயு வெளியீடு 2010 அளவிலிருந்து சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும் என்று. உலகம் 2030ல் முடிந்துவிடும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்படிக் கத்தியவர்கள் எங்கள் வேலையைக் கெடுத்தவர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். அதே அறிக்கைதான் 1.5 டிகிரியில் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் போகும் என்றது. அந்த அரை டிகிரிதான் என் வேலையே.

#6 பாம்பன்பார்

நான் படித்தவன் இல்லை, மகன் தட்டிக் கொடுக்கிறான். நாட்டுப்படகு. முப்பது வருடத்துக்கு மேல் கடல்.

தங்கச்சி சொல்கிற பவளத்தை நாங்கள் பார் என்போம். பாரில் மீன் உண்டா இல்லையா என்று படகில் இருந்தபடியே தண்ணீர் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவோம். இப்போது அந்தக் கணக்குத் தப்புகிறது. சித்திரை, வைகாசியில் கையை விட்டால் மேல்தண்ணீர் வெந்நீர் மாதிரி. சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், அடிக்கடி வந்து வலையை அடைக்கிறது. இன்னொன்று, பேச்சாளை. என் அப்பா காலத்தில் அது மலையாளக் கரை மீன். தொண்ணூறுகளில் இங்கே வர ஆரம்பித்து, பிறகு எங்களுக்கே அது சோறு போட்டது. கடல் சூடாவதால் இடம் மாறுகிறது என்று மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். ஆகவே வெயில் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அதில் நானே மீன் தின்றிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. பவளம் செத்தால் முதலில் எங்களைத்தான் தீவுப் பக்கம் வராதே என்கிறார்கள். தேசியப் பூங்கா 1986ல் வந்தது. எங்கள் பாட்டன் வலை காயவைத்த தீவு அது. கடலைச் சூடாக்கியது எங்கள் படகு எஞ்சினா? அடியைச் சுரண்டிக்கொண்டு போகிற விசைப்படகு இழுவலை மடி பக்கத்திலேயே ஓடுகிறது, கேட்பார் இல்லை. அந்தப் பிள்ளை கேட்டது நியாயம்.

#7 கோத்தகிரிக்குளிர்

மலையிலிருந்து ஒரு குரல். இங்கே வரையாடு. மாநில விலங்கு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 என்றார்கள், முந்தைய ஆண்டு 1,031. ஏறியிருக்கிறது, சந்தோஷம். எண்ணும் முறை மேம்பட்டதும் அதில் ஒரு பங்கு என்று எனக்கு ஓர் எண்ணம், அது கிடக்கட்டும்.

வரையாட்டுக்கு வேண்டியது உச்சிப் புல்வெளி. அதைத் தின்றது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகை மரம், அதாவது வாட்டில். பிறகு யூகலிப்டஸ், பைன். நம் அரசும் சுதந்திரத்துக்குப் பிறகு "வெறும் புல்தானே" என்று மரம் நட்டது. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போனது. இது முழுக்க நம் கைவேலை.

இப்போது வெயில் எங்கே வருகிறது என்றால், சமவெளி விலங்குக்குச் சூடு ஏறினால் மலை ஏறலாம். வரையாடு ஏற்கெனவே மலை உச்சியில் நிற்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதற்கு மேல் வானம்தான். பக்கத்து மலைக்குப் போகலாம் என்றால் நடுவில் தேயிலை, ரோடு, ஊர். வழியை அடைத்தது நாம். துரத்துவது வெயில். எது முதல் காரணம் என்று ஆட்டிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் தன்னார்வக் குழு சீகை நாற்று பிடுங்கப் போகும். கை கொப்புளித்ததுதான் மிச்சம் என்று சில நாள் தோன்றும். ஆனால் பிடுங்கிய இடத்தில் மூன்றாவது வருடம் புல் வந்தது. அதைப் பார்த்த பிறகு விட மனமில்லை.

#8 நூலகத்துஎலி

என் இனத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே!

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டோரஸ் நீரிணையில், பிராம்பிள் கே என்று ஒரு மணல்திட்டு. நாலைந்து ஹெக்டேர்தான், கடலுக்கு மேல் 3 மீட்டர் உயரம். உலகத்தில் அங்கே மட்டும் வாழ்ந்தது ஒரு சின்ன எலி, மெலோமிஸ் வகை. கடைசியாகப் பார்த்தது 2009. 2014ல் பொறி வைத்துத் தேடினார்கள், ஒன்றும் இல்லை. புயலலை திரும்பத் திரும்பத் திட்டில் ஏறியதில், 2004 முதல் 2014க்குள் செடிகொடியில் 97 சதவீதம் போய்விட்டது. 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அற்றுப்போனதாக அறிவித்தது. மனிதனால் வந்த காலநிலை மாற்றத்துக்குப் பலியான முதல் பாலூட்டி என்று சொல்கிறார்கள். அங்கே இழுவலை இல்லை, ஊசி இல்லை, சீகை இல்லை. சும்மாகேட்டேன் அண்ணே, இதற்கு என்ன சொல்வீர்கள்?

நேர்மைக்காக எதிர்க்கதையும் சொல்லிவிடுகிறேன். கோஸ்டாரிக்காவில் மான்டிவெர்டே மேகக்காட்டில் பொன்தேரை. 1987ல் ஆயிரத்தைநூறுக்கும் மேல் எண்ணினார்கள். 1989ல் ஒரே ஒரு ஆண், பிறகு இல்லவே இல்லை. நீண்ட நாள் இதைத்தான் "காலநிலையின் முதல் பலி" என்றார்கள். அப்புறம் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் காரணம் என்று வந்தது. 2010ல் வந்த ஓர் ஆய்வு, அந்த 1986-87 வறட்சி, பசிபிக் கடல் அவ்வப்போது தானாகச் சூடேறும் எல் நினோவால் இயல்பாக வந்தது, மனிதன் சூடாக்கியதால் அல்ல என்றது. ஆக "முதல் பலி" பட்டம் ஒருமுறை கைமாறியிருக்கிறது.

#9 சும்மாகேட்டேன்

எலி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. 2019ல் ஐ.நா. சார்ந்த உயிரினப் பன்மைக் குழுவான ஐ.பி.பி.இ.எஸ். அறிக்கை வந்ததே, சுமார் 10 லட்சம் இனங்களுக்கு ஆபத்து என்று, அதில் காரணங்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். முதலில் நிலத்தையும் கடலையும் நாம் மாற்றுவது, இரண்டாவது நேரடியாகப் பிடிப்பதும் வெட்டுவதும், மூன்றாவதாகத்தான் காலநிலை. அப்படியென்றால் பட்டிமன்றத் தலைப்பே தவறு. மாணவி ஜெயித்தது சரி. இதில் எங்கே நான் தவறு?

#10 தார்வெயில்

ஜெய்சல்மேர் பக்கம் சூரிய மின் நிலையத்தில் வேலை பார்க்கும் தமிழன். வெளியில் 46 டிகிரி. என் சங்கடத்தையும் கேளுங்கள்.

இங்கே கானமயில் இருக்கிறது. உலகத்திலேயே நூற்றைம்பது சொச்சம்தான், பெரும்பாலும் இந்தப் பாலையில். கனமான பறவை, முன்பக்கப் பார்வை குறைவு. உயர் அழுத்தக் கம்பி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் திரும்ப முடியாது. கம்பியில் அடித்துச் சாகிறது. அந்தக் கம்பி எதற்கு? நான் உற்பத்தி செய்யும் சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோக. அதாவது வெயிலிலிருந்து உலகத்தைக் காப்பாற்ற.

2021ல் உச்ச நீதிமன்றம் கம்பியை மண்ணுக்கடியில் போடு என்றது. நிறுவனங்கள் முடியாது, செலவு, தொழில்நுட்பம் இல்லை என்றன. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டது. அதே தீர்ப்பில்தான் காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் சொன்னது. நான் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உரிமை எனக்குக் கிடைத்தது, கம்பி பறவைக்குக் கிடைத்தது.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை, சம்பளமே அதில்தான். "அவசரம்" என்ற சொல்லை வைத்து எதையும் தள்ளிவிடலாம் என்பதை மட்டும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

#11 மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒருவர் இன்னொருவரின் சாதியைக் கேட்டிருந்தார். பவளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

#12 பருத்தித்துறையான்

அண்ணை பாம்பன்பாருக்கு வணக்கம். நான் இக்கரை.

எங்கட கடலில் இழுவைமடி பிரச்சினையைப் பற்றிக் கன காலமாகக் கதைக்கிறோம். இலங்கையில் 2017ல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தார்கள். ஆனால் பாக்கு நீரிணையின் அடி நிலம் எல்லைக்கோடு பார்த்து இருப்பதில்லை. கடற்புல்லை மடி வழித்துக்கொண்டு போனால் ஆவுளியாவுக்கு, அதுதான் கடல் பசுவுக்கு, சாப்பாடு இல்லை. அது கடற்புல்லை மட்டும் நம்பி வாழ்கிற பிராணி. உங்கட பக்கம் 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் அதற்குக் காப்பகம் அறிவித்தது நல்ல விசயம்.

சும்மாகேட்டேன் சொன்ன வரிசையில் எனக்கொரு சந்தேகம். மூன்றாவது என்றால் சின்னது என்று அர்த்தமா? அந்த அறிக்கையே காலநிலையின் பங்கு ஏறிக்கொண்டு போகிறது, மற்றக் காரணங்களையும் மோசமாக்குகிறது என்றுதான் எழுதியிருந்தது. வீட்டில் கள்ளன் முன்கதவால் வந்தான், பின்னால் நெருப்பு பிடித்தது. கள்ளன்தான் முதலில் வந்தவன் என்று நெருப்பை விட்டுவிடுவதா?

#13 ஆழி

ஆமைக்கு வருகிறேன், ஆசிரியர் காத்திருக்கிறார்.

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடு முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும். அதற்கு மேல் போகப்போகப் பெண்ணே அதிகம், இன்னும் மேலே போனால் கருவே வெந்துவிடும். ஆஸ்திரேலியப் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதிப் பச்சை ஆமைகளில், இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018ல் வந்த ஆய்வு சொன்னது. சென்னையில் 1988லிருந்து மாணவர்கள் இரவில் கரையில் நடந்து முட்டை சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். கோடை முற்றினால் பொரிப்பகத்துக்கு நிழல் போட வேண்டியிருக்கிறது. இது ஆமையின் வெயில் கணக்கு.

வலைக் கணக்கு உங்கள் மாணவி சொன்னதுதான். செத்து ஒதுங்கியவை முட்டையிட வந்த வளர்ந்த ஆமைகள். குஞ்சு அந்த வயதுக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும், ஆயிரத்தில் ஒன்றுதான் வரும் என்பார்கள். சூட்டைத் தாங்கிக் கடக்க ஓர் இனத்துக்கு எண்ணிக்கை வேண்டும். விதவிதமான கரைகளில் முட்டையிடும் தாய்கள் வேண்டும், குளிர்ந்த மணலைத் தேடிக்கொள்ளும் சிலவாவது வேண்டும். வலை எடுத்துக்கொண்டு போவது அதைத்தான். வலையை இந்த வருடமே நிறுத்தலாம். கடலின் சூட்டை இந்த வருடம் நிறுத்த முடியாது. ஆகவே வலைக்கு அவசரம் அதிகமா குறைவா என்று என்னைக் கேட்டால், வெயில் ஏறுவதால்தான் வலைக்கு அவசரம் அதிகம் என்பேன். நீங்கள் சொன்ன தீர்ப்பு சரி சார். அதற்கு நீங்கள் நினைத்த காரணம்தான் அரைகுறை.

#14 சும்மாகேட்டேன்

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் விடமாட்டேன். ஓர் இந்தியன் ஆண்டுக்கு வெளியிடுவது சுமார் 2 டன் கரியமில வாயு, ஓர் அமெரிக்கன் சுமார் 14 டன். பாம்பன் அண்ணன் தீவில் கால் வைக்கக் கூடாது என்றால், அந்த 14 டன்காரருக்கும் ஏதாவது ஒரு தீவைத் தடை செய்யுங்கள்.

#15 பாம்பன்பார்

அதைச் சொல்லுங்கள் தம்பி.

#16 உப்பளக்கரை

எல்லோருக்கும் நன்றி. இழையை அச்செடுத்து அந்த மாணவியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு இன்று காலை திருப்பிக் கொடுத்தாள். ஆழி எழுதிய #13ஐச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். கீழே ஒரு கேள்வி:

"நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆமை முட்டையிட வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டும் ஏன் சேரவில்லை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யாருக்காவது?

#17 பாம்பன்பார்

தடைக்காலம் மீன் குஞ்சு பொரிக்கிற கணக்கில் வைத்தது, ஆமையை நினைத்து வைத்தது இல்லை. ஆமைக் காலத்தில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்று தனியாக விதி இருக்கிறது. விதி கரையில் இருக்கிறது, படகு கடலில் இருக்கிறது. பிள்ளையை அவள் அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள், ராத்திரியில் எத்தனை மைலில் விளக்கு தெரிகிறது என்று.